கற்போரில் ஆணும் பெண்ணும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதில் ஒரு பாதி பெண்கள் பள்ளியில் கழிந்தது. மறு பாதி ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் பள்ளியில் கழிந்தது. அதனால்தான் போலும், சங்கத்தார் இந்தப் பொருளை எனக்குத் தந்தார்கள். பெண்கல்வி வேண்டுமா வேண்டாவா என்று வாதிடுவதற்காக நான் இங்கு வரவில்லை. அந்த வழக்கு நம் வீடுகளில் என்றோ தீர்ந்துவிட்டது. ஔவையாரையும் காக்கைபாடினியாரையும் இரண்டு நிமிடம் புகழ்ந்துவிட்டு அமர்வதும் என் நோக்கமன்று. அந்தப் பெருமாட்டிகள் என் புகழ்ச்சியை எதிர்பார்த்திருக்கவில்லை. நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஒரு பிள்ளை ஆணாகப் பிறந்ததும் பெண்ணாகப் பிறந்ததும் அதன் கற்றலில் எந்த இடத்தில், எவ்வளவு, எதனால் வேறுபாட்டை உண்டாக்குகிறது? அவ்வேறுபாடு பிள்ளையின் தலைக்குள் இருக்கிறதா, தலைக்கு வெளியே இருக்கிறதா?

இதற்கு விடை தேட நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நாம் வந்து குடியேறிய இந்தத் திருவனந்தபுரத்தின் வரலாறே போதிய சான்று தருகிறது.

1817-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் ஓர் ஆணை பிறப்பித்தார். குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும். அறிவு பரவுவதில் பின்னடைவு நேரலாகாது. கற்றவர்கள் நல்ல குடிகளாகவும் நல்ல அரசு ஊழியர்களாகவும் ஆவார்கள் என்பது அதன் கருத்து. ஆணென்றும் பெண்ணென்றும் அவ்வாணை பிரித்துப் பேசவில்லை. பிறப்பித்தவரோ ஒரு பெண். அப்பொழுது அவர் வயதில் மிக இளையவர். ஆயினும் அரசு ஊழியர் ஆவதற்காகக் கல்வி என்று சொன்ன அளவிலேயே, அந்தக் காலத்தில் அது யாருக்குரியது என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது. கச்சேரியில் எழுதப் போகிறவன் ஆண்தானே! பிரித்துச் சொல்லாத சட்டமும் பிரித்தே நடந்தது.

பெண்ணுக்கென்று பள்ளி எழுந்தது தெற்கே, தமிழ் வழங்கிய நாகர்கோவிலில். இன்று டதி பெண்கள் பள்ளி என்று வழங்கும் பள்ளி 1819-இல் தொடங்கியது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த குடும்பத்து அம்மையார்கள் அங்கே எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார்கள். இதைக் கேட்டதும், பெண்ணென்றால் ஊசிநூல்தானா என்று இன்று நமக்குச் சினம் வரும். சினப்படுமுன் ஒன்றை நினைக்க வேண்டும். அந்நாளில் அந்நாட்டில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னி ஈட்டிய காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் சிலர் இருந்தார்கள் என்று அக்கால வரலாறுகள் கூறுகின்றன. ஊசிநூலே அவர்களுக்கு விடுதலைப் பத்திரமாயிற்று. எனவே ஒரு பாடத்தைப் பெண்ணுக்குரிய பாடம் என்று இகழ்வதற்கு முன், அது அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்ப்பதே நேர்மை.

திருவனந்தபுரம் நகரில் 1860-களில் பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கில அம்மையார் கோட்டைக்குள்ளேயே பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். அதே காலத்தில், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், சர்க்கார் பெண்கள் பள்ளி ஏற்பட்டது. அது 1897-இல் இரண்டாந்தரக் கல்லூரியாக உயர்ந்தது. இன்று வழுதக்காட்டில் மரநிழலில் நிற்கிறதே, அரசு மகளிர் கல்லூரி, அது அதன் வழிவந்ததே. நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தமிழ் கற்பித்து 1931-இல் ஓய்வு பெற்ற இடமும் அந்தக் கல்லூரியே. இங்குள்ள பாட்டிமார் சிலருடைய தாயார் அவரிடம் பாடம் கேட்டிருக்கவும் கூடும்.

மருமக்கத்தாயம் இருந்தபடியால் கேரளத்துப் பெண் எளிதாகப் படித்துவிட்டாள் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. சொத்தும் குடிவழியும் பெண் வழியே சென்ற வீட்டில், பெண்குழந்தைக்கு எழுத்தறிவிப்பது வீண்செலவாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த வாய்ப்பு எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் இருந்ததா? நகருக்குத் தெற்கே ஊரூட்டம்பலம் என்னும் ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பஞ்சமி என்னும் புலையர் குலத்துச் சிறுமியை அய்யன்காளி கையைப் பிடித்து அழைத்துச் சென்று பள்ளியில் அமர்த்தினார். பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அந்தப் பள்ளியில் காக்கப்பட்டு வருகிறது. அந்தச் சிறுமிக்குத் தடையாக நின்றது பெண்மை மட்டுமன்று; சாதியும் சேர்ந்து நின்றது. மாணவர் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டுவிட்டு, எந்த வீட்டு ஆண், எந்த வீட்டுப் பெண் என்று கேளாமல் விட்டால் நம் கணக்கு தவறிப்போகும்.

இனி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது மேரி பூனன் என்னும் மாணவியின் கதை.

கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் 1886-இல் பிறந்தவர் அவர். தந்தையார் மருத்துவர், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி என்று சொல்லப்படுபவர். மேரி இந்நகரின் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்து, மெட்ரிகுலேஷன் தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறினார். தந்தையைப் போல மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு முதற்படி விஞ்ஞானப் பாடம். மகாராஜா கல்லூரி, அதாவது இன்று பாளையத்தில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரி, அவரைப் பெண் என்பதற்காக விஞ்ஞான வகுப்பில் சேர்க்க மறுத்துவிட்டது. வரலாற்று வகுப்பில் இடம் கொடுத்தது. அக்கல்லூரியில் அன்று ஒரே மாணவியாக இருந்து படித்து, 1909-இல் பட்டம் பெற்றார்.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் போதவில்லை என்று அவரை யாரும் சொல்லவில்லை. விஞ்ஞானம் புரியாது என்பதற்கு ஒரு தேர்வும் வைக்கவில்லை. சோதனைச் சாலையின் வாயிலிலேயே கேள்வி முடிந்துவிட்டது. பின்பு அவர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்றார். தகுதிகள் பல பெற்று 1916-இல் நாடு திரும்பினார். தைக்காட்டுப் பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1938-இல் திருவிதாங்கூர் அரசின் சர்ஜன் ஜெனரல் ஆனார். சமஸ்தானத்து மருத்துவத் துறை முழுவதும் அவர் கையில் வந்தது. அமெரிக்க நாட்டில் அதே பெயர் கொண்ட பதவியில் ஒரு பெண் அமர்ந்தது 1990-இல். இரண்டிடத்திலும் பொறுப்புகள் வேறு என்பதை நான் அறிவேன். ஆயினும் ஐம்பத்திரண்டு ஆண்டு இடைவெளி சிறிதன்று. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை ஏற்பட்டதும் அவருடைய முயற்சியால்தான். நம்மவர் குடும்பங்களில் அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

இந்தக் கதையைச் சொல்லி, ‘பார்த்தீர்களா, முயன்றால் முடியாதது இல்லை’ என்று பேச்சாளர்கள் முடிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேரிக்குத் தகப்பனார் மருத்துவர். மகளைக் கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பும் வசதியும் மனமும் அவருக்கு இருந்தன. வசதியில்லாத வீட்டில் அதே ஆண்டில், அதே மதிப்பெண்ணோடு ஒரு பெண் இருந்திருந்தால், அவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இராது. உள்ளே வந்து வென்றவர்களைக் கொண்டு வாயிலின் அகலத்தை அளக்க முடியாது.

இதே காலத்தில் புதுக்கோட்டையிலும் இதே கதை நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி அவர்களை அங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். அவர் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஓரிடத்தில் மன்னர், ஓரிடத்தில் தந்தை. யாரேனும் ஒருவர் தள்ளித் திறந்தால்தான் கதவு திறந்தது.

அடுத்து அன்னா சாண்டி அவர்கள். இந்நகரிலேயே 1905-இல் பிறந்தவர். கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதற்பெண். 1920-களின் இறுதியில், பெண்களுக்கு அரசு உத்தியோகம் கொடுக்கலாகாது என்று ஒரு பிரமுகர் பேசியதற்கு, அவர் பொதுமேடையில் ஏறி ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுத்தார். ‘ஸ்ரீமதி’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். 1937-இல், சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, முன்சீப்பாக நியமனம் பெற்றார்; 1948-இல் மாவட்ட நீதிபதி; 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்திய உயர் நீதிமன்றங்களில் பெண் ஒருவர் நீதிபதியாக அமர்ந்தது அதுவே முதல் முறை. இங்கிலாந்தில் அதற்கு நிகரான இடத்தில் ஒரு பெண் அமர 1965 வரை காத்திருக்க நேர்ந்தது.

அன்னா சாண்டி அவர்களால் நேர்ந்த ஒரு விளைவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பத்தனம்திட்டையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தம் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். மகள் இந்நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றிருந்தாள். அதிலேயே மேலே படிக்க விரும்பினாள். தகப்பனார் சொற்படி இங்குள்ள சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த மகள்தான் பாத்திமா பீவி அவர்கள். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநர். மேரியை விஞ்ஞானத்துக்குள் விட மறுத்த அதே கல்லூரியில், நாற்பதாண்டு கழித்து, ஒரு பெண் வேதியியல் பட்டம் வாங்கி வெளியே வந்தாள் என்பதைக் கவனித்தீர்களா? அந்த நாற்பதாண்டில் பெண்ணின் மூளை மாறிவிடவில்லை. மாறியது கல்லூரியின் சேர்க்கை விதி.

‘அதெல்லாம் அறிவாளிகள் கதை, பொதுவாகப் பார்த்தால் ஆணுக்குக் கணக்கு வரும், பெண்ணுக்கு மொழி வரும் அல்லவா, டீச்சர்?’ என்று என்னைக் கேட்ட பெற்றோர் பலர். அவர்கள் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளிலும் ஒரே தேர்வெழுதச் செய்து ஒப்பிடும் பிசா என்னும் ஆய்வு 2000-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. படித்துப் பொருளுணர்வதில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பெண்கள் தெளிவாக முந்துகிறார்கள். கணக்கில் சராசரியாக ஆண்கள் சற்றே முந்துகிறார்கள்; ஆனால் அந்த இடைவெளி சிறிது; சில நாடுகளில் இல்லவே இல்லை; வேறு சில நாடுகளில் பெண்களே முன்னே நிற்கிறார்கள். உடற்கூறு ஒன்றே காரணமாயின் எல்லா நாட்டிலும் ஒரே அளவாக அல்லவா இருக்க வேண்டும்? நாட்டுக்கு நாடு மாறுவது எதுவோ, அது பிறப்பில் வந்ததன்று, வளர்ப்பில் வந்தது.

1999-இல் ஸ்பென்சர், ஸ்டீல், குவின் என்னும் உளவியலார் மூவர் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணக்கில் ஒத்த திறமையுள்ள ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக் கடினமான தேர்வு ஒன்று வைத்தார்கள். இந்தத் தேர்வில் ஆண்பெண் வேறுபாடு தெரிவதுண்டு என்று சொல்லி ஒரு பிரிவினர்க்குத் தாளைக் கொடுத்தார்கள். இதில் அத்தகைய வேறுபாடு இல்லை என்று சொல்லி மற்றொரு பிரிவினர்க்குக் கொடுத்தார்கள். தாள் ஒன்றே. முதற்பிரிவில் பெண்கள் பின்தங்கினார்கள். இரண்டாவதில் ஆண்களுக்குச் சமமாக எழுதினார்கள். பின்னர் இதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோர்க்கும் இவ்வளவு பெரிய வேறுபாடு கிட்டவில்லை. ஆகவே இதை இறுதித் தீர்ப்பாக நான் கொள்ளவில்லை. ஆயினும், ‘உனக்குக் கணக்கு வராதடி’ என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை என் வகுப்பறையில் நானே பார்த்திருக்கிறேன்.

பெண்கள் பள்ளியில் நான் இருந்த நாளில், கரும்பலகைக்கு வருகிறவர் யார் என்றால் ஏழெட்டுக் கைகள் உயரும். தப்பாகப் போட்டாலும் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடியும் போடுவார்கள். பின்னர்ச் சேர்ந்து பயிலும் பள்ளிக்கு மாறினேன். அங்கே விடைத்தாளில் முதலிடம் பெறும் பெண்கள் வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள். பையன்களோ, விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதலில் கூவிவிடுவார்கள். கூவுகிறவனைத்தான் ஆசிரியர் பார்க்கிறார். அதட்டுவதும் அவனையே, பாராட்டுவதும் அவனையே. மைரா சாட்கர், டேவிட் சாட்கர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் பல ஆண்டுகள் வகுப்பறைகளில் அமர்ந்து பார்த்துவிட்டு இதையே எழுதினார்கள். அவர்கள் நூல் 1994-இல் வந்தது. அதற்கு மருந்து கடினமானதன்று. கேள்வி கேட்டபின் பத்தெண்ணும் வரை எவரும் வாய் திறக்கலாகாது. பிறகு ஆசிரியர் வருகைப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைக் கூப்பிட வேண்டும். இவ்வளவே. இதனால் பேசத் தொடங்கியவர்கள் பெண்கள் மட்டுமல்லர். கூச்சமுள்ள பையன்களும் பேசத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை.

அப்படியாயின் பெண்களுக்குத் தனிப்பள்ளியே நல்லதோ என்று கேட்பீர்கள். இக்கேள்வி கேரளத்தில் அண்மையில் சூடாகவே எழுந்தது. 2022 ஜூலையில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், 2023-24 முதல் எல்லாப் பள்ளிகளும் இருபாலர் பள்ளிகளாதல் வேண்டும் என்றது. அப்பொழுது இங்கே பெண்களுக்கென 280 பள்ளிகளும் ஆண்களுக்கென 164 பள்ளிகளும் இருந்தன என்று கணக்குக் கூறியது. நான் இரண்டிலும் இருந்தவள் என்பதால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு பள்ளியே இல்லாத காலத்தில் தனிப்பள்ளி பெரிய நன்மை செய்தது. தாய்மார் அஞ்சாமல் பெண்ணை அனுப்பினார்கள். இன்று பிள்ளைகள் படிப்பு முடிந்து போகும் அலுவலகம் இருபாலர் அலுவலகம், பேருந்தும் அப்படியே. ஒருவரை ஒருவர் அறியாமல் பதினேழு வயது வரை வளர்த்துவிட்டு, பதினெட்டாவது வயதில் மரியாதையாகப் பழகு என்றால் எப்படிப் பழகுவார்கள்? சேர்ந்து பயில்வதே சரி. ஆனால் கதவைப் பொதுவாக்கிவிட்டு, உள்ளே பெஞ்சை இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்துப் போட்டுக் கூவுகிறவனுக்கே வகுப்பை விட்டுவிட்டால், பெண்கள் பள்ளியில் இருந்த கரும்பலகையும் அவளுக்கு இல்லாமற் போகும்.

சரி, இன்று நிலைமை என்ன? 2011 குடிக்கணக்கின்படி கேரளத்தில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 96 பேர். பெண்கள் 92 பேர். நம் தமிழ்நாட்டில் முறையே 87, 73. இந்த ஊருக்கு வந்ததனால் நம் பெண்கள் அடைந்த நன்மை இந்த எண்களிலேயே தெரிகிறது. 1956 நவம்பர் முதல் தேதி எல்லை மாறி, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின், இங்கே நாம் சிறுபான்மையராகத் தங்கினோம். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் சைக்கிளில் கல்லூரிக்குப் போவதைக் கண்டு நம் வீட்டுப் பெண்ணும் போனாள். கேரளக் கல்லூரிகளில் இன்று பெண்களின் தொகை ஆண்களினும் மிகுதி. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அப்படியே.

ஆகவே இன்று பள்ளியில் அதிகம் கவலைக்குரியவன் பையன் என்று நான் சொன்னால் வியப்படையாதீர்கள். புத்தகம் எடுக்காதவன், பாதியில் நிறுத்துகிறவன், தேர்வில் தவறுகிறவன் ஆகியோரில் பையன்களே மிகுதி என்பது என் அனுபவம். ‘ஆண்பிள்ளை அப்படித்தான், வயது வந்தால் பொறுப்பு வந்துவிடும்’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பெண்பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் அவள் படித்துவிடுகிறாள். சலுகை பெற்றவன் பின்தங்குகிறான். மொழியும் இலக்கியமும் பெண்ணுக்குரியவை என்று எண்ணி, தமிழில் ஆர்வமுள்ள பையனைப் பொறியியலுக்குத் தள்ளுகிறவர்களும் நம்மிடையே உண்டு. மேரி பூனனை வரலாற்று வகுப்புக்குத் தள்ளியதற்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

பெண்ணுக்கோ வேறு இடத்தில் இடிக்கிறது. இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். இந்தக் கணக்கு ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடமே குறைவு! நம் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். தயிர் வாங்கப் போகிறவள் யார், மாடியில் உலர்ந்த துணி எடுக்கிறவள் யார், டியூஷனுக்குச் சைக்கிள் எடுக்கிறவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவள் இவ்வளவையும் செய்துவிட்டு முதல் வகுப்பில் தேறுகிறாள். அதற்குப் பின் நடப்பதுதான் எனக்கு வருத்தம். எம்.எஸ்.சி. படித்த என் மாணவிகளில் பலர் பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு இருக்கிறார்கள். படித்தும் வேலையற்றிருக்கும் பெண்கள் கேரளத்தில் மிகுதி என்பதை எல்லாக் கணக்கெடுப்புகளும் காட்டுகின்றன. வேலை கிடைக்காதது ஒரு காரணம். வேலைக்குப் போகலாம் என்று வீட்டில் எவரும் நினைக்காதது மற்றொன்று.

2024 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது, கேரள அரசின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் ஒரு படம் வந்தது. அடுக்களையில் தாயோடு தகப்பனாரும் வேலை செய்கிறார். தகப்பனார் தரையில் அமர்ந்து தேங்காய் துருவுகிறார். பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றி எழுதின. என் பேரன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘பாட்டி, இந்த அப்பாவுக்கு ஆபீஸ் லீவா?’ என்று கேட்டான். பாடநூல் தன் பங்கைச் செய்துவிட்டது. அவன் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவனுடைய தகப்பனார்; அதாவது என் மகன். அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துருவுகிறான். நான் அரைகுறையாகத் துருவியிருக்கிறது என்று குறை சொல்லாமல் இருக்கப் பழகி வருகிறேன்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்வதையும் சொல்லிவிட வேண்டும். மகனுக்குத் தொலைவிலுள்ள, கட்டணம் மிகுந்த ஆங்கிலப் பள்ளி. மகளுக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள பள்ளி. நாடெங்கும் எடுத்த கணக்கெடுப்புகளிலும் தனியார் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளின் பங்கே மிகுதியாகக் காணப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்துப் பள்ளியில் படித்த நம் மகள் மலையாளமும் தமிழும் பிழையின்றி எழுதுகிறாள். தொலைவிலுள்ள பள்ளியில் படித்த நம் மகன், பாட்டி அனுப்பும் கடிதத்தைத் தங்கையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறான்.

இறுதியாக நம் சங்கத்தைப் பற்றி. இன்றைய பரிசளிப்புப் பட்டியலை நேற்றுச் செயலாளர் அவர்கள் எனக்குக் காட்டினார்கள். சிறுவர்க்குப் பேச்சுப் போட்டி, வினாடி வினா. சிறுமியர்க்குக் கோலப் போட்டி, சமையற்கலை. இதை வகுத்தவர்களுக்கு எந்தத் தீய எண்ணமும் இல்லை. பல ஆண்டுகளாக வந்த வழக்கம் அப்படியே தொடர்கிறது. கோலத்தை நான் இகழ மாட்டேன். புள்ளிக் கோலம் நல்ல கணக்கு; வரிசையும் சமச்சீரும் அதில் இருக்கின்றன; ஏழாம் வகுப்பில் நான் அதைக் கொண்டே வடிவியல் கற்பித்திருக்கிறேன். அத்தகைய நல்ல கணக்கைப் பையன்களுக்குக் கொடுக்காமல் விட்டது ஏன் என்பதே என் கேள்வி. அதுபோலவே, சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் முதலாவதாக வரும் சிறுமிகள் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இடமில்லாமல் போவானேன்?

தலைவர் அவர்களிடம் மேடையேறுமுன் இதை விண்ணப்பித்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு முதல் எல்லாப் போட்டிகளும் வயதுவாரியாக மட்டும் பிரிக்கப்படும் என்றும், பெயர் கொடுக்கும் தாளில் ஆண், பெண் என்ற கட்டம் இராது என்றும் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பெயர் கொடுக்கும் நாள் சித்திரை மாதத்தில் அறிவிக்கப்படும். பையன்களின் தாய்மார் கோலப்பொடிக்கு இப்பொழுதே சொல்லி வைக்கலாம்.